'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 பிரிட்டிஷ் எல்பி வாங்குவது எப்படி: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஆல்பம் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. 1973 மார்ச்சில் வெளிவந்தது. அந்த வருடம் அச்சான பிரிட்டிஷ் எல்பி இசைத்தட்டை வாங்கி, நல்ல பிளேயரில் போட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசையோடு இங்கே வந்து இறங்குகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான். தேட ஆரம்பித்தபோது தகவல்கள் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. விற்பவர் சொல்வது ஒன்று, தட்டில் பொறித்திருப்பது வேறு. ஆளாளுக்கு ஒரு விலை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பம் அரிதான பொருள் கிடையாது. உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றது. பிரிட்டனில் எந்த ஊரின் பழைய இசைத்தட்டுக் கடைக்குள் போனாலும் ஒரு பிரதியாவது இருக்கும். அரிது என்றால், முதல் சில மாதங்களில் அச்சாகி, உள்ளே வந்த எல்லாப் பொருள்களும் அப்படியே இருந்து, கீறல் இல்லாமல் தப்பித்த பிரதிதான். "ரொம்ப ரேர்" என்று யாராவது சொன்னால், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே விலை பாதி இறங்கும்.

1. எந்தப் பதிப்பு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பணத்தைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: கேட்க வாங்குகிறீர்களா, சேகரிக்க வாங்குகிறீர்களா?

கேட்பதற்கு மட்டும் என்றால் முதல் பதிப்பின் பின்னால் ஓட வேண்டிய அவசியமே இல்லை. 70களின் நடுவில் பிரிட்டனில் அச்சான பிரதிகள் நன்றாகவே ஒலிக்கும். நல்ல நிலையில் உள்ள ஒன்று 30 முதல் 60 பவுண்டுக்குள் கிடைத்துவிடும். அமெரிக்காவில் கேபிடல் நிறுவனம் அச்சிட்ட பழைய பிரதிகள் (ஹார்வெஸ்ட் என்ற இசைப் பிரிவின் பெயரில், பட்டியல் எண் எஸ்எம்ஏஎஸ்-11163) இன்னும் மலிவு. அவற்றில் பாட்டு முடிந்தபின், நடுவில் ஒட்டிய லேபிள் தாள் வரை வரும் வெற்று வளையத்தில் 'வாலி' என்று கையால் கீறியிருந்தால் தைரியமாக எடுக்கலாம். தட்டை வெட்டிய வாலி ட்ராகாட் என்ற பொறியாளரின் அடையாளம் அது. இப்போது கடையில் புதிதாக விற்கும் மறுபதிப்பு ஏறக்குறைய 30 பவுண்டு. முதன்முதலாக எல்பி வாங்குகிறவர் இதில் ஆரம்பிப்பதில் ஒரு குறையும் இல்லை. சத்தமில்லாமல் ஓடும்.

சேகரிப்பதற்கு என்றால் நீங்கள் தேட வேண்டியது ஹார்வெஸ்ட் எஸ்ஹெச்விஎல் 804, அதிலும் லேபிளில் முக்கோணம் நீல நிறத்தால் முழுதாக நிரம்பிய பதிப்பு. இதைத்தான் விற்பவர்கள் 'சாலிட் டிரையாங்கிள்' என்பார்கள். எல்லாம் சேர்ந்து நல்ல நிலையில் இருந்தால் விலை சில நூறு பவுண்டில் நிற்கும், நிலையைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். போஸ்டர் இல்லை, உறை கிழிந்திருக்கிறது என்றால் அதே பதிப்பு பாதிக்கும் கீழே வரும்.

இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு என் யோசனை: கேட்க ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று என்று பிரித்து வாங்குங்கள். மொத்தச் செலவு அதிகம் கூடாது. பழைய தட்டும் தேயாமல் இருக்கும்.

2. லேபிளையும் வெற்று வளையத்தையும் படிக்கப் பழகுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தாலே ஏமாறுவது பெரும்பாலும் நின்றுவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் லேபிள். கறுப்புப் பின்னணியில் ஒரு முக்கோணம் இருக்கும். முதல் பதிப்பில் அதன் உட்பகுதி முழுக்க நீலம். பிறகு வந்தவற்றில் கோடு மட்டும் நீலம், உள்ளே கறுப்பு. விற்பவர் போடும் படத்தில் பளபளப்பு விழுந்தால் இந்த வித்தியாசம் தெரியாது. நேர்வெளிச்சத்தில் லேபிளை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் கேளுங்கள்.

அடுத்தது மேட்ரிக்ஸ் எண், அதாவது தட்டு எந்த மூல வெட்டிலிருந்து வந்தது என்று காட்டும் எண். தட்டைச் சாய்த்து, வெளிச்சம் படும்படி பிடித்தால் அந்த வெற்று வளையத்தில் எஸ்ஹெச்விஎல் 804 ஏ-2 என்று பொறித்திருப்பது தெரியும். திருப்பினால் பி-2. கடைசியில் 2 இருப்பதைப் பார்த்து இரண்டாம் பதிப்பு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். விற்பனைக்கு வந்த முதல் தட்டுகளிலேயே எண் 2தான். ஏ-1 வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

அந்த எண்ணை ஆறு மணித் திசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணித் திசையில் தனியாக ஒரு சிறிய எண், மூன்று மணித் திசையில் ஒன்றிரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எண் 'மதர்' எனப்படும் தாய் அச்சைக் குறிக்கும், எழுத்துகள் அதிலிருந்து எடுத்து, தட்டை அழுத்தி அச்சிடும் 'ஸ்டாம்பர்' என்ற உலோக அச்சைக் குறிக்கும். ஹார்வெஸ்டின் தாய் நிறுவனமான இஎம்ஐ ஸ்டாம்பர் எண்களைக் 'கிராமபோன் லிமிடெட்' என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து எழுதியது: ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, ஹெச் 7, எல் 8. 'லிமிடெட்' என்பதை மூன்று எழுத்தில் சுருக்கும்போது நடுவில் வருவது 9, கடைசியில் வருவது 0. அப்படியானால் ஏ மட்டும் இருந்தால் 3ஆம் ஸ்டாம்பர், ஜிஆர் என்று இருந்தால் 12ஆம் ஸ்டாம்பர். எண் சிறிதாக இருக்க இருக்க, அந்த அச்சு வரிசையின் ஆரம்பத்தில் வந்த தட்டு என்று பொருள். சேகரிப்பாளர்கள் இதற்காகக் கூடுதல் பணம் தருகிறார்கள். என் கணக்கில், கீறல் இல்லாத ஜிஆர், கீறல் விழுந்த ஏ-வைவிட எப்போதும் மேல்.

இங்கே வரும் பொறிகள்:

உறையும் தட்டும் வேறு வேறு பதிப்பாக இருப்பது. எனக்கு வந்த ஒரு பார்சலில் உறை 1973ஆம் ஆண்டுடையது, உள்ளே இருந்த தட்டு பல வருடம் பிந்தியது. விளம்பரத்தில் உறையின் படம் மட்டுமே இருந்தது. 50 வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும், யாராவது மாற்றி வைத்திருப்பார்கள். விற்பவர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

'1973' என்று அச்சிட்டிருப்பதை நம்புவது. காப்புரிமை ஆண்டு பிந்தைய பதிப்புகளிலும் அப்படியேதான் இருக்கும். அது அச்சான ஆண்டு இல்லை.

குவாட்ரபோனிக் (நான்கு ஸ்பீக்கர்களுக்கான ஒலி) பதிப்பை முதல் பதிப்பு என்று விற்பது. அதன் எண்ணுக்கு முன்னால் 'க்யூ4' என்று சேர்ந்திருக்கும். அதுவும் மதிப்புள்ளதுதான், ஆனால் மிக்ஸ் வேறு. உங்களுக்கு மனப்பாடமான ஸ்டீரியோ ஒலியை எதிர்பார்த்து வாங்கினால் குழம்பிப்போவீர்கள்.

அச்சிட்டவர் யார் என்றே தெரியாத வண்ணத் தட்டுகள். நிறுவனத்தின் பெயர், நாடு, எண் மூன்றும் சரியாக இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

3. உறைக்குள் என்னென்ன இருக்க வேண்டும்

உறை புத்தகம்போல் விரியும் வகை. விரித்தால் வெளியட்டையின் நிறக்கற்றை உள்ளேயும் தொடரும், பச்சைப் பட்டையில் மட்டும் இதயத்துடிப்புக் கோடு எழும்பி இறங்கும். பாடல் வரிகளும் அங்கேதான் அச்சாகியிருக்கும்.

கூடவே இரண்டு போஸ்டர்கள். ஒன்றில் இசைக்குழுவினரின் மேடைப் படங்கள். இன்னொன்றில் எகிப்தின் பிரமிடுகள், அகச்சிவப்புப் படச்சுருளில் எடுத்தது. அப்புறம் பிரமிட் ஸ்டிக்கர்கள் இரண்டு. இவை நான்கும் ஒட்டாமல், கிழியாமல், மூலையில் ஊசி குத்திய துளை இல்லாமல் இருந்தால்தான் 'கம்ப்ளீட்'.

அந்தக் காலத்தில் வாங்கிய பிள்ளைகள் போஸ்டரைச் சுவரில் ஒட்டினார்கள், ஸ்டிக்கரைக் கிட்டார் பெட்டியில் ஒட்டினார்கள். அதனால் ஸ்டிக்கர் இல்லாத பிரதிகளே அதிகம். சில விற்பவர்கள் பிந்தைய பதிப்பின் போஸ்டரை எடுத்து வைத்து முழுமையாக்கிவிடுவார்கள். மடிப்புகளைப் பாருங்கள். 50 வருடம் மடிந்து கிடந்த தாளில் மடிப்பு ஆழமாக, ஓரம் லேசாகத் தேய்ந்து இருக்கும். நேற்று மடித்ததுபோல் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

4. நிலையைப் பார்ப்பது

தரத்தைக் குறிக்க இங்கே பலரும் பயன்படுத்தும் ஏணி, மேலிருந்து கீழாக: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் பிளஸ், குட், பிறகு ஃபேர், புவர். தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம் தனித்தனியாகப் போடுவார்கள். வெறும் 'குட்' என்று போட்ட தட்டை இந்த ஆல்பத்தில் வாங்கவே வேண்டாம். குறைந்தது வெரி குட் பிளஸ்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இந்த ஆல்பத்தில் அமைதியான இடங்கள் நிறைய. இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிறது. நடுவே யாரோ மெல்லப் பேசும் குரல்கள். முழுக்க இரைச்சலான ராக் ஆல்பம் என்றால் சின்னச் சின்னப் பொரிச்சத்தம் அமுங்கிவிடும். இதில் அப்படியே மேலே மிதக்கும்.

கடையில் பிளேயர் இருந்தால் போட்டுக் கேட்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். முழுதும் கேட்க நேரம் இருக்காது. மூன்று இடங்கள் போதும்.

முதல் பக்கத்தின் தொடக்கம். இதயத்துடிப்பு மெல்ல எழும் அந்த நொடிகளில் தட்டின் பின்னணி இரைச்சல் தெரிந்துவிடும்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. கிளேர் டோரியின் குரல் உச்சத்துக்குப் போகும் இடம். இது தட்டின் உள்வட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், தேய்ந்த ஊசியில் பலமுறை ஓட்டிய தட்டு என்றால் குரல் இங்கே கரகரக்கும், உடையும். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும் தட்டுகூட இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஒரே ஒரு இடம்தான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் 'மணி' முடிந்து 'அஸ் அண்ட் தெம்' தொடங்கும் இடம். ஆர்கன் மட்டும் மெதுவாக வரும். கீறல் இருந்தால் டிக், டிக் என்று சுற்றுக்கு ஒருமுறை கேட்கும்.

பிளேயர் இல்லாவிட்டால், தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் சத்தம் போடாது. நகத்தால் மெல்லத் தடவும்போது தட்டுப்படும் கீறல் நிச்சயம் சத்தம் போடும். விற்பவரின் அனுமதி கேட்டுவிட்டுத் தடவுங்கள்.

5. எங்கே தேடுவது, எப்போது தேடுவது

லண்டனில் சோஹோ பகுதியின் பெர்விக் ஸ்ட்ரீட் நல்ல தொடக்கம். ஒரே தெருவில் பழைய தட்டுக் கடைகள் சில இருக்கின்றன, விலைகளை ஒப்பிடலாம். ஆக்ஸ்ஃபாம் போன்ற அறக்கட்டளைக் கடைகளில் சில இடங்களில் இசைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே விலையைத் தெரிந்துதான் வைக்கிறார்கள், அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேல்களில் (வீட்டுப் பழைய பொருள்களைக் காரின் பின்பெட்டியிலிருந்து விற்கும் சந்தை) அதிர்ஷ்டம் உண்டு, ஆனால் திருப்பிக் கொடுக்க வழி கிடையாது.

ரெக்கார்ட் ஃபேர் எனப்படும் இசைத்தட்டுச் சந்தைகளுக்குப் போனால் கதவு திறந்ததும் உள்ளே போங்கள். நல்ல பிரதிகள் முதல் ஒரு மணி நேரத்திலேயே வியாபாரிகளுக்குள் கை மாறிவிடும். பேரம் பேசி வாங்க நினைப்பவர்கள் மூடும் நேரத்தில் போகலாம். பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்ற மனமில்லாமல் விலையைக் குறைப்பார்கள். ரொக்கம் கையில் இருந்தால் பேரம் சுலபம்.

ஏப்ரலில் வரும் ரெக்கார்ட் ஸ்டோர் டே (இசைத்தட்டுக் கடைகளின் கொண்டாட்ட நாள்) அன்று பழைய தட்டு தேடாதீர்கள். கடைக்குள் நிற்கவே இடம் இருக்காது. டிசம்பரும் வேண்டாம், பரிசு வாங்குகிறவர்கள் கூட்டம். ஜனவரி, பிப்ரவரி நிதானமாகத் தேட ஏற்ற மாதங்கள் என்பது என் அனுபவம்.

இணையத்தில் என்றால் டிஸ்காக்ஸ், ஈபே இரண்டும்தான் பெரிய சந்தை. டிஸ்காக்ஸில் இந்த ஆல்பத்துக்கு நூற்றுக்கணக்கான பதிப்புகளின் பதிவுகள் தனித்தனியாக உள்ளன. உங்களுக்கு வேண்டிய பதிப்பின் பக்கத்தில் இதற்கு முன் என்ன விலைக்கு விற்றது என்று பார்க்க முடியும். விற்பவர்கள் கேட்கும் விலையை விடுங்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயிலும் முடிந்த விற்பனைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு.

6. பணம் கட்டும் முன் கையில் இருக்க வேண்டியவை

விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: இரண்டு லேபிள்களின் படம், இரண்டு பக்க மேட்ரிக்ஸ் எண்களும் ஸ்டாம்பர் எழுத்துகளும், போஸ்டர், ஸ்டிக்கர்களின் படம், உறையின் முதுகுப்பகுதி, மூலைகள், தட்டைப் போட்டுக் கேட்டாரா அல்லது கண்ணால் பார்த்து மட்டும் தரம் போட்டாரா என்ற பதில். நேர்மையாக விற்பவர் சலித்துக்கொள்ள மாட்டார். பதில் சொல்லத் தயங்கினால் வேறு பிரதி பாருங்கள். இந்த ஆல்பத்துக்கு வேறு பிரதி எப்போதும் உண்டு.

விளம்பரப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்ற பிறகு விவரம் மாறலாம், காணாமலும் போகலாம். பேச்சுவார்த்தை முழுக்க அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே நடக்கட்டும். வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம்.

சட்டப்படி உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு:

வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். தனிநபரிடம் வாங்கினால் இந்த உரிமை இல்லை.

கடையில் நேரில் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்ப உரிமை கிடையாது. ரசீது அவசியம். அதில் வெறுமனே 'எல்பி' என்று இல்லாமல் 'எஸ்ஹெச்விஎல் 804, சாலிட் டிரையாங்கிள்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஈபேயில் விவரத்துக்கு மாறான பொருள் வந்தால் 30 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

பேபாலில் 'ஃபிரண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' வழியாக அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பே இல்லை. முறையான வழியில் கட்டினால் 180 நாள் வரை புகார் செய்யலாம்.

100 பவுண்டுக்கு மேல் உள்ள பொருளுக்குக் கடையிலேயே கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டினால், கடை கைவிட்டாலும் கார்டு நிறுவனத்திடம் கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

7. தபால் செலவும் வெளிநாட்டு வரியும்

எல்பி, தபாலில் 'லார்ஜ் லெட்டர்' எனப்படும் பெரிய கடித அளவுக்குள் அடங்காது. ராயல் மெயிலில் ஸ்மால் பார்சல் கட்டணம்தான். அந்த வித்தியாசம் தெரியாமல் விற்பவர் குறைத்துப் போட்டிருந்தால் பின்னால் தகராறு வரும், முன்பே கேளுங்கள். சில நூறு பவுண்டு தட்டு என்றால் ஸ்பெஷல் டெலிவரியில் அனுப்பச் சொல்வது நல்லது. அடிப்படைக் கட்டணத்திலேயே 750 பவுண்டு வரை இழப்பீடு உண்டு.

தட்டை உறைக்கு வெளியே எடுத்து, தனி உள்ளுறையில் போட்டு, உறைக்குப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். தட்டு உள்ளேயே இருந்தால் பயணத்தில் குலுங்கி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

ஐரோப்பிய நாடுகளிலிருந்து வாங்கினாலும் இப்போது இறக்குமதிதான். 135 பவுண்டுக்குள் இருந்தால் 20 சதவீத வாட் வரியைத் தளமே வாங்கும்போது பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் என்றால் பொருள் இங்கே வந்தபின் கேட்பார்கள். பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, தபால் செலவையும் சேர்த்துத்தான் வரி. அதோடு ராயல் மெயில் 8 பவுண்டு கையாளும் கட்டணம் வாங்கும், தனியார் கூரியர்கள் இன்னும் கூடுதலாகக் கேட்கலாம். ஜப்பானிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று தோன்றினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

"கிஃப்ட் என்று எழுதி விலையைக் குறைத்துப் போடுகிறேன்" என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பொய்யான அறிவிப்பு. தட்டு உடைந்து வந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

8. பார்சல் வந்த அன்றே

பிரிப்பதை வீடியோ எடுங்கள். மேட்ரிக்ஸ் எண், லேபிள், போஸ்டர்களைச் சொன்ன விவரத்தோடு சரிபாருங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றே எழுதுங்கள். பிறகு பார்க்கலாம் என்று வைத்தால் 14 நாள் ஓடிவிடும்.

கழுவாமல் ஊசியை வைக்காதீர்கள். 50 வருடத் தூசி ஊசிக்கும் கெடுதல், தட்டுக்கும் கெடுதல். நிறைய கடைகளில் சிறு தொகைக்கு மெஷினில் கழுவித் தருகிறார்கள். ஒரு தட்டுக்காக மெஷின் வாங்க வேண்டியதில்லை. வந்தபோது சடசடத்த தட்டு கழுவியபின் அடங்கிப்போவது உண்டு, அதனால் கழுவிக் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். ஆனால் திருப்பி அனுப்பும் எண்ணம் வந்துவிட்டால் கழுவும் முன்பே விற்பவரிடம் பேசிவிடுங்கள்.

சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயரில் இந்தப் பிரதியைப் போடாதீர்கள். அவற்றின் ஊசி அழுத்தம் பொதுவாக அதிகம். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) எத்தனை கிராம் அழுத்தம் என்று அதன் தாளில் போட்டிருக்கும், அதைச் சரியாக வையுங்கள்.

வெளியுறைக்கு பிவிசி கவர் வேண்டாம், காலப்போக்கில் தட்டின் மேல் மங்கல் படலம் விழும். பாலிதீன் கவர் போதும். செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கம் வேண்டாம்.

விலை உயர்ந்த பிரதி என்றால் ரசீது, படங்கள், மேட்ரிக்ஸ் எண் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு, வீட்டு உடைமைக் காப்பீட்டில் தட்டுச் சேகரிப்பு அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் விற்கப் போனாலும் அதே கோப்புதான் உதவும்.

9. ஊருக்கு எடுத்துப்போவதானால்

செக்-இன் பெட்டியில் போடவே வேண்டாம். இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டி, கையில் எடுத்துப்போகும் பையில் வையுங்கள். பெரும்பாலான கேபின் பைகளில் எல்பி அளவு அடங்கும். வாங்கிய ரசீதைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள், சுங்கத்தில் மதிப்பு கேட்டால் காட்டலாம். சென்னை போன்ற ஊர்களின் ஈரக்காற்றில் உறையிலும் தட்டிலும் பூஞ்சை பிடிக்கும். மூடிய மர அலமாரியைவிடக் காற்றோட்டமான அடுக்கு நல்லது, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். விமான நிலையத்திலிருந்து போகும் வழியில் சாப்பிட இறங்கினால் பையையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணி நேரம் போதும், தட்டு வளைந்துவிடும்.